வீட்டுப் பழைய அப்பிள் புடிங்: கொழும்பில் செய்து பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனைக்காரி:

எங்கள் அம்மப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். குசினிக்கு விறகு சுமக்கும் பொடியனாகப் போய், கடைசியில் துரைசானிக்கே என்ன சமைக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு வந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் துரை தன் ஊருக்குப் போய்விட்டார். அம்மப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து ஜம்பட்டா வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தார். அவருடைய சமையல் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. கொப்பி என்றால் செக்ரோல் புத்தகத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வேலைப் பதிவேட்டில், மிஞ்சிய தாள்களை நூல் போட்டுத் தைத்தது. ஆள் பேர் போடும் கட்டங்களுக்குக் குறுக்கே பென்சிலால் சமையல் குறிப்பு.

அதில் அப்பிள் புடிங் இப்படி இருக்கிறது. எழுத்துக்கூட மாற்றாமல் தருகிறேன்:

"புளிச்ச அப்பிள் 1 றாத்தல். சீனி 3 அவுன்சு. எலுமிச்சந்தோல் சீவல். அடியில் போடு. மேலுக்கு பட்டர் 4 சீனி 4 மா 4 முட்டை 2. மத்திம சூடு முக்கால் மணி. துரைசானிக்கு கஸ்டட். துரைக்கு கிறீம்."

அவ்வளவுதான். எப்படி அடிப்பது, எவ்வளவு பெரிய தட்டம், ஒன்றும் கிடையாது. தன் கைக்குத் தெரிந்ததை அவர் ஏன் எழுதப் போகிறார்? ஆனால் அளவு மட்டும் மிகச் சரி. ஒரு அவுன்ஸ் 28 கிராம், ஆகவே மேல்மாவுக்கு எல்லாம் 110, 115 கிராம் வரும். ஒரு றாத்தல் 450 கிராம், நடுத்தர அப்பிள் மூன்று. மத்திம சூடு என்றால் இப்போதைய மின்சார அவணில் 180 பாகை. மா என்று அவர் எழுதியிருப்பது செல்ஃப் ரெய்சிங் மா. சாதா கோதுமை மா என்றால் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் இதையே ஏவாள் புடிங் என்கிறார்கள்.

சிக்கல் முதல் வரியிலேயே இருக்கிறது: புளிச்ச அப்பிள். அங்கே சமையலுக்கென்றே புளிப்பு அப்பிள் உண்டு. பிராம்லி அதில் பேர்போனது. 1809இல் நொட்டிங்ஹாம்ஷயரில் ஒரு சின்னப் பெண் போட்ட விதையிலிருந்து வந்த மரம் என்பார்கள். பச்சையாகக் கடித்தால் பல் கூசும், அவணுக்குள் போனால் முழுக்கக் குழைந்துவிடும். துரைசானி மனதில் வைத்துச் சொன்னது அந்த மாதிரி அப்பிளைத்தான். நம் ஊரில் வண்டிலில் அடுக்கி வைத்திருப்பது சும்மா கடித்துத் தின்பதற்கு வளர்த்தது. அதைக் குறிப்பில் உள்ளபடி போட்டால் இனிப்பு மேல் இனிப்பு. துண்டுகள் விறைத்து நிற்கும். சாறு கீழே தேங்கி மேல்மாவின் அடிப்பக்கம் சொதசொதவென்று கிடக்கும்.

நான் இப்போது செய்வது இதுதான். பச்சை அப்பிள் இரண்டு, சிவப்பு ஒன்று. பச்சையில் ஒன்றைப் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் பாதித் தேசிக்காய்ப் புளியும் விட்டு, மூடி அவிய விடுவேன். இந்த இடத்தில் சீனி போடவே கூடாது. சீனியோடு அவித்தால் அப்பிள் துண்டாகவே நிற்கும், குழைந்த பிறகுதான் போட வேண்டும். மற்ற இரண்டையும் மெல்லிதாகச் சீவி அதோடு பிரட்டி எடுப்பேன். மூன்று அவுன்ஸ் சீனிக்குப் பதில் ஒரு அவுன்ஸ். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு தட்டத்தில் பரப்பி, மேல்மாவை ஊற்றி, உடனே அவணுக்குள். பழம் சூடாக இருந்தால் மேல்மாவின் அடிப்பக்கமும் வெந்துவிடும், ஈரம் நிற்காது.

உங்கள் வீடுகளில் இப்படிப் பழைய அப்பிள் பண்டம் ஏதும் உண்டா? எந்த அப்பிள் போடுகிறீர்கள், எங்கே வாங்குகிறீர்கள்? கதையோடு சொல்லுங்கள், அவசரமில்லை.

வெள்ளவத்தை மருமகள்:

அக்கா, எங்கள் வீட்டில் கிரம்பிள். மாமி யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் மனைப்பொருளியல் வகுப்பில் பழகியது. அறுபது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் அது நின்றுபிடித்ததற்கு ஒரே காரணம், அதில் முட்டை இல்லை. வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, நவராத்திரி என்று எந்த நாளிலும் செய்யலாம். முட்டை படாத தட்டம் என்று மாமி தனியாக ஒன்று வைத்திருக்கிறார். அதில் நான் கேக் செய்ய நினைத்தால்கூட அவருக்குத் தெரிந்துவிடும்.

கிரம்பிள் இங்கிலாந்தில் யுத்த காலத்தில் பரவிய பண்டம். 1940இலிருந்து பட்டரும் சீனியும் கூப்பனுக்கு அளந்து கொடுத்தார்கள், பங்கீடு முழுதாக முடிய 1954 ஆனது. பேஸ்ட்ரி போடுகிற அளவுக்குப் பட்டர் கையில் இல்லை, ஆகவே கொஞ்சப் பட்டரை மாவில் உதிர்த்துப் பழத்தின் மேல் தூவிவிட்டார்கள். சிக்கனத்துக்காக வந்தது, மாமிக்கு அதனாலேயே இன்னும் பிடிக்கும்.

கொழும்பில் இதற்கு எதிரி வெக்கை. வெளியே 30, 31 பாகை. பட்டரை எடுத்து மாவில் போட்டுப் பிசைய ஆரம்பிக்கும் முன்பே இளகிவிடும், அப்புறம் உதிரி வராது, ரொட்டி மாதான் வரும். நான் பட்டரைச் சின்னக் கட்டிகளாக வெட்டி, மாவையும் கிண்ணத்தையும் சேர்த்தே பிரிட்ஜில் அரை மணித்தியாலம் வைப்பேன். விரல் நுனியால்தான் உதிர்க்க வேண்டும், உள்ளங்கை படக்கூடாது. மாமி பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, "பிள்ளை, குழைக்காதை. புட்டுக்கு மாக் கொத்தின மாதிரி இருக்கவேணும்" என்பார். எந்தப் புத்தகமும் எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

அளவு: மா 6 அவுன்ஸ், பட்டர் 3, சீனி 3. மாவில் ஒரு கைப்பிடி அளவைக் குறைத்து வறுத்த ரவை போடுவோம், கடிக்க நன்றாக இருக்கும். தேங்காய்ப்பூவை வெறும் தாச்சியில் பொன்னிறமாக வறுத்துக் கொஞ்சம் சேர்ப்பது என்னுடைய வேலை. மாமி அதைச் சாப்பிடுவார், ஆனால் நல்லது என்று சொல்ல மாட்டார்.

பின்னேரம் மழை வந்தால் மேல்பக்கம் நமுத்துவிடும். மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், இன்னும் மோசமாகும். அவணில் பத்து நிமிடம் போதும்.

கல்கிசைப் பொடியன்:

அப்பிள் வாங்குபவர்களுக்கு ஒரு சின்ன உதவி. பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்து எறிய முன் நம்பரைப் பாருங்கள். 4017 அல்லது 4139 என்றால் கிரானி ஸ்மித், அதாவது பச்சை அப்பிள், புளிப்பு உள்ளது. 4131 ஃபூஜி, 4015 அல்லது 4016 ரெட் டெலிஷஸ். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் "நல்ல இனிப்பு அப்பிள் தம்பி" என்று ஒரே பதில்தான் சொல்வார், புளிப்பு வேண்டும் என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ரெட் டெலிஷஸ் அவணுக்குச் சரிவராது. பார்க்க அழகு, சூடு பட்டால் மாவு மாவாகப் போகும், ருசியும் இல்லை. ஃபூஜி பரவாயில்லை. அது ஜப்பான்காரர் 1962இல் வெளியிட்ட இனம், அந்த ரெட் டெலிஷஸின் பிள்ளைதான். ஆனால் அதைவிட நல்லாய் வந்திருக்கிறது.

பச்சை அப்பிள் சுப்பர்மார்க்கட்டில் விலை. புறக்கோட்டையில் நடைபாதைக் கடைகளில் அடிபட்ட பழத்தைத் தனியாகக் குவித்து மலிவாகத் தருவார்கள். வேகவைக்க அது போதும். கறுத்த இடத்தை வெட்டிவிட்டால் சரி.

தெமட்டகொடை ராத்தா:

தங்கச்சி, விறைப்பாக நிற்கிறது என்று நீங்கள் குறை சொல்லும் அதே சிவப்பு அப்பிள்தான் எங்கள் வீட்டுப் பண்டத்துக்குத் தேவை. எங்களுடையது முழு அப்பிளை அப்படியே வாட்டுவது.

வாப்பா துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கம்பனியில் கிளார்க்காக இருந்தார். எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் கடையில் கண்ணால் காணக் கிடைக்காத காலம், பாணுக்கே விடிய முன் கியூ. எப்போதாவது ஒரு கப்பலில் சமையல்காரர் பழக்கமாகி நாலு அப்பிள் கடதாசிப் பையில் கொடுத்துவிடுவார். நாலு அப்பிளை எட்டுப் பிள்ளைகளுக்கு எப்படிப் பங்கு வைப்பது? உம்மா அதற்குத்தான் அந்தச் சமையல்காரரிடமிருந்து வாப்பா கேட்டு வந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளே நிறைய அடைத்தால் பாதி அப்பிளே ஒரு ஆளுக்குப் போதும்.

நடுத்தண்டைக் கத்தியால் குடைந்து எடுக்க வேண்டும், அடி ஓட்டையாகக் கூடாது. குறிப்பில் முந்திரிகை வற்றல், பட்டர், சிவப்புச் சீனி, இரண்டு கரண்டி பிராந்தி. பிராந்திக்கு எங்கள் வீட்டில் ஏது இடம்? உம்மா கடும் சாயத் தேத்தண்ணியில் தோடம்பழச் சாறு கலந்து அதில் வற்றலை ஊற வைத்தார். நோன்பு காலத்தில் வற்றலுக்குப் பதில் பேரீச்சம்பழமும் கஜுவும். நான் வட்டிலப்பத்துக்குப் போடுகிற மாதிரி ஏலமும் சாதிக்காயும் தட்டிப் போடுகிறேன், சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி சீவிப் போடுகிறேன். கருப்பட்டி உருகி அடித் தட்டத்தில் பாகாக நிற்கும், அதை அள்ளி மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் மறக்காதீர்கள்: அப்பிளின் இடுப்பைச் சுற்றித் தோலில் மட்டும் கத்தியால் ஒரு கோடு கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் தோல் வெடித்துப் பழம் சரிந்துவிடும். தோலோடு செய்வதால் முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், மெழுகு பூசித்தான் அனுப்புகிறார்கள். 180 பாகையில் நாற்பது நிமிடம், சின்ன அப்பிளுக்கு அரை மணித்தியாலம். நோன்பு இரவுத் தராவீஹ் தொழுகை முடித்து ஆண்கள் வரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

கல்கிசைப் பொடியன்:

ராத்தா, எங்கள் வீட்டுக்கு அப்பிள் வருவதே யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். பார்க்க வருகிற எல்லாரும் அப்பிளும் திராட்சையும். போன முறை அப்பா வீடு திரும்பியபோது ஒரு கூடை அப்பிள் இருந்தது, அவருக்கோ நீரிழிவு. அதற்கு நீங்கள் சொன்ன முறைதான் சரி, ஆனால் கருப்பட்டியை நாங்கள் சாப்பிட்டுவிட்டு அவருக்கு வெறும் அப்பிளைக் கொடுக்க வேண்டிவரும்.

பம்பலப்பிட்டிப் பழசு:

நான் கொஞ்சம் வயது போனவன், நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் அந்தக் காலத்தில் பாதி வீடுகள் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குப் போனது. எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ரி அறுபதுகளில் மெல்பேர்ணுக்குப் போனார். நத்தாருக்கு மதிலுக்கு மேலால் புரூடர் என்கிற நத்தார்க் கேக்கும் லவ் கேக்கும் கை மாறும், தீபாவளிக்கு எங்கள் பக்கத்திலிருந்து முறுக்கும் பயற்றம்பணியாரமும் போகும். போன பிறகு அம்மா கடிதம் எழுதிக் கேட்டதற்கு ஆன்ரி ஏரோகிராமில் அப்பிள் டார்ட் குறிப்பை அனுப்பினார். நீலத் தாள், மூன்று பக்கமும் மடிக்கிற ஓரம்கூட விடாமல் எழுத்து. மடிப்பில் ஒட்டியிருந்த இடத்தை அம்மா கிழித்துத் திறந்ததில் மா அளவு உள்ள வரி பாதி போய்விட்டது. அந்த அளவை அம்மா கைக்கணக்கில்தான் நிரப்பினார்.

ஒல்லாந்தர் அப்பிள் டார்ட் ஆங்கிலேயரின் பை மாதிரி மேலே முழு மூடி போடுவதில்லை. ஆழமான தட்டம், பட்டரும் சீனியும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த கனமான மா, மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள். உள்ளே அப்பிள், முந்திரிகை வற்றல், நிறையக் கறுவா. ஒல்லாந்தர் 1656இலிருந்து 1796 வரை கொழும்பைப் பிடித்து வைத்திருந்ததே கறுவாவுக்காகத்தான். காட்டில் வெட்டியது போதாமல் பதினெட்டாம் நூற்றாண்டில் தோட்டமாகவே நட்டார்கள். கொழும்பு 7ஐ இன்றைக்கும் கறுவாத்தோட்டம் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பட்டை கப்பலேறி அம்ஸ்டர்டாமுக்குப் போய், அப்பிளோடு சேர்ந்து, பறங்கியர் குசினி வழியாக பம்பலப்பிட்டிக்குத் திரும்பி வந்திருக்கிறது. இதை நினைத்து நான் தனியாகச் சிரிப்பதுண்டு.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் கறுவா அளவைக் கவனியுங்கள். அங்கே கடைகளில் விற்கும் தூளில் பெரும்பாலானது கசியா, தடித்த பட்டை, காரம் கூட. நம்முடையது மெல்லிய சுருள், மணம் இதமானது. அவர்கள் அரைத் தேக்கரண்டி என்றால் நாங்கள் முக்கால், ஒன்று போடலாம். தூள் வாங்காமல் குச்சியை அப்போதே இடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை சொன்ன சாறு தேங்குகிற பிரச்சினைக்கும் இந்த டார்ட்டில் மருந்து இருக்கிறது. அப்பிள் போடும் முன் அடிமாவில் காய்ந்த பாண் தூள் இரண்டு மேசைக்கரண்டி தூவ வேண்டும். ஆன்ரி றஸ்க்கைப் பொடித்துத் தூவச் சொல்லியிருந்தார். சாற்றை அது குடித்துக்கொள்ளும், வெட்டும்போது துண்டு நிமிர்ந்து நிற்கும்.

கொட்டாஞ்சேனைக்காரி:

ஐயா, பாண் தூள் யோசனை பிரமாதம். புடிங்குக்கு அடியில் மா இல்லை, ஆனால் தட்டத்தில் பட்டர் பூசி றஸ்க் தூள் தூவிப் பார்க்கலாம் போலிருக்கிறது.

கிருலப்பனைக் குடித்தனம்:

எங்கள் வாடகை வீட்டில் அவண் இல்லை. இதையெல்லாம் வாசித்து எச்சில் ஊறுவதோடு சரியா, அல்லது வழி ஏதும் உண்டா?

வத்தளை அண்ணர்:

ஏன் இல்லை? எங்கள் வீட்டில் எல்லாரும் அவண் பார்த்ததே தொண்ணூறுகளில்தான்.

முதல் வழி மணல் சட்டி. பெரிய அலுமினியச் சட்டியில் இரண்டு அங்குலத்துக்கு ஆற்று மணல், கழுவிக் காய வைத்தது. அடுப்பில் வைத்து இருபது நிமிடம் நன்றாகச் சூடாக்கி, மணலின் மேல் ஒரு தாங்கி வைத்து, அதன் மேல் தட்டம். தட்டையான மூடியால் மூடி அதன்மேல் சிரட்டைத் தணல். மேலேயும் தணல் இருந்தால்தான் நிறம் வரும், இல்லாவிட்டால் வெந்திருக்கும், முகம் வெளிறிக் கிடக்கும். பிளட் வீடுகளில் தணலுக்கு எங்கே போவது என்றால், நிறத்தை மறந்துவிட்டு மேலே கஸ்டட்டை ஊற்றி மறைத்துவிடுங்கள். பிரஷர் குக்கரில் செய்பவர்களும் இருக்கிறார்கள். விசிலும் ரப்பர் வளையமும் கழற்றி, தண்ணீர் விடாமல், அடியில் மணல் அல்லது உப்பு. பார்த்துச் செய்ய வேண்டிய வேலை, பழைய குக்கரில் மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. நத்தார் காலத்தில் பக்கத்துப் பேக்கரியில் கேட்டு, பாண் சுட்ட பிறகு போறணைக்குள் நம் தட்டத்தை வைக்கக் கொடுப்போம். விறகுப் போறணை, செங்கல் சுவர். பாண் போடும்போது உள்ள சூட்டுக்குக் கேக் கருகிவிடும். பாண் இறக்கி ஒரு மணித்தியாலம் போனால் சூடு மெல்ல இறங்கிக்கொண்டே வரும், கேக்குக்கும் புடிங்குக்கும் அந்த இறங்கு சூடுதான் சரி. தெருவில் எல்லா வீட்டுத் தட்டமும் அங்கே வந்துவிடும், ஆகவே அடையாளம் வேண்டும். அம்மா எங்கள் தட்டத்தின் காதில் சிவப்புத் துணிக் கிழிசல் கட்டி அனுப்புவார், அது கருகி வரும். மறுவருடம் கம்பியால் கட்டினார். ஒருமுறை எங்கள் தட்டம் மாறி வேறு வீட்டு இஞ்சிக் கேக் எங்களுக்கு வந்தது. நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை, அவர்களும் எங்கள் அப்பிளைத் திருப்பித் தரவில்லை, கணக்குச் சரி.

விறகுப் போறணை வைத்திருக்கிற சின்னப் பேக்கரிகள் இப்போதும் அங்கங்கே இருக்கின்றன. பின்னேரப் பாண் இறக்கிய பிறகு போய் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

நாரஹேன்பிட்டி மலைநாட்டான்:

அப்பிளே இல்லாத அப்பிள் புடிங் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதுதான்.

நாங்களும் தோட்டத்துப் பக்கம். 1970இலிருந்து 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது பங்களாவிலேயே அப்பிள் இல்லை, தொழிலாளர் லயத்தில் எங்கே? வேலி முழுக்கச் சௌசௌ காய்த்துக் கிடந்தது. பிஞ்சாகவும் இல்லாமல் முற்றாமலும் நடுப்பதத்தில் பறிக்க வேண்டும். தோல் சீவும்போது பால் வடிந்து கையில் பசை பிடிக்கும், தண்ணீருக்குள் பிடித்துச் சீவினால் தப்பலாம். நாலாக வெட்டி நடு விதையை எடுத்துவிட்டு, அப்பிள் மாதிரி மெல்லிய பிறையாகச் சீவ வேண்டும். தேசிக்காய்ப் புளி தாராளமாக, சீனி, கறுவா, இரண்டு கராம்பு போட்டு அவித்தால் கண்ணாடியாகத் தெளிந்து வரும். அந்தச் சாற்றிலேயே ஆறவிட்டு, மறுநாள் மேல்மா ஊற்றிச் சுட வேண்டும். சௌசௌவுக்கென்று சொந்த ருசி எதுவும் இல்லை, அதுதான் அதன் பலம். நாம் கொடுக்கிற புளியையும் மணத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளும்.

வெள்ளவத்தை மருமகள்:

அண்ணா, கோபிக்க வேண்டாம், நானும் சௌசௌவில் செய்ததைச் சாப்பிட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை அப்பிள் என்று சொல்லிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ள முடியாது. அப்பிளில் வாய்க்குள் ஒரு கரகரப்பு, வெந்த பிறகும் ஒரு வாசம் இருக்கும். சௌசௌவில் வருவது கறுவா வாசம் மட்டும்தான்.

நாரஹேன்பிட்டி மலைநாட்டான்:

தங்கச்சி, கொழும்பில் இப்போது கிடைக்கிற சிவப்பு அப்பிளில் என்ன வாசம் வருகிறது, சொல்லுங்கள் பார்ப்போம். குளிர் அறையில் மாதக்கணக்காகக் கிடந்து வருகிற பழம். சௌசௌ நுவரெலியாவிலிருந்து நேற்று லொறி ஏறியது.

பம்பலப்பிட்டிப் பழசு:

இரண்டு பேரும் சொல்வது சரி. ஆனால் விலையைப் பார்த்தால் மலைநாட்டுத் தம்பி பக்கம்தான் நான் சாய்வேன்.

தெஹிவளை டீச்சர்:

2022 கதையை நான் சொல்லாமல் யார் சொல்வது. அந்த மார்ச்சில் இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று நீளப் பட்டியல் வந்தது, பழங்களும் அதில் இருந்தன. அப்பிள் விலை கேட்டு வீடு திரும்புகிற பழமாகிவிட்டது. காஸ் இல்லை, மின்வெட்டோ எங்கள் குழுவுக்கு எத்தனை மணிக்கு என்று தினமும் போனில் பார்த்துத்தான் சோறு வைப்போம். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் வெட்டினார்கள்.

மகளின் பிறந்தநாளுக்கு, அம்மா செய்கிற அப்பிள் புடிங்தான் வேண்டும் என்று அடம். இரண்டு அப்பிள் மட்டும் வாங்கி, மிச்சத்துக்கு வாழைப்பழம் போட்டு, அட்டவணை பார்த்து மின்சாரம் இருக்கிற இடைவெளியில் அவணில் வைத்தேன். அட்டவணைக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. பாதி வெந்திருந்தது. நான் அவண் கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே இருக்கிற சூட்டுக்கே ஒரு மணித்தியாலம் விட்டேன், கண்ணாடிப் பக்கம் துவாய் போர்த்தினேன். கரண்ட் வர இரவாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, ஓரம் எல்லாம் வெந்து நடுப்பகுதி மட்டும் இளக்கமாக, கரண்டியால் அள்ளுகிற பதத்தில் நின்றது. மெழுகுதிரி வெளிச்சத்தில் அதையே சாப்பிட்டோம். இப்போது அவள் நடு இளக்கமாகத்தான் வேண்டும் என்கிறாள். முழுதாக வெந்ததைக் கொடுத்தால் "இது அந்தப் புடிங் இல்லை" என்று முறைப்பு.

அதனால் நான் முக்கால் மணித்தியாலத்துக்குப் பதில் அரை மணித்தியாலத்தில் அவணை நிறுத்தி, கதவை மூடியபடி இன்னும் இருபது நிமிடம் விடுகிறேன். முட்டை உள்ளது என்பதால் நடுவில் திரவமாக ஓடக்கூடாது, தளதளவென்று நிற்க வேண்டும். அந்த அளவு போதும்.

கொட்டாஞ்சேனைக்காரி:

டீச்சர், மின்சாரக் கட்டணத்துக்கும் அது நல்லது!

எல்லாவற்றையும் வாசித்துவிட்டு அம்மப்பாவின் குறிப்பை ரொறொன்ரோவில் இருக்கும் என் தங்கச்சிக்கு அனுப்பினேன். ஒன்றும் மாற்றவில்லையாம். குறிப்பில் உள்ளபடியே, சீனி மூன்று அவுன்ஸோடு, அங்கே கிடைக்கிற மக்கின்டோஷ் அப்பிளில் செய்தாளாம். ஒன்ராறியோவிலேயே 1811இல் ஒரு விவசாயி காணி துப்பரவாக்கும்போது கண்டுபிடித்த மரத்தின் இனமாம் அது. புளிப்பு உண்டு, சூடு பட்டதும் குழைந்துவிடும். படம் அனுப்பினாள், அம்மா பார்த்துவிட்டு, "அப்பா செய்தது இப்பிடித்தான் இருக்கும்" என்றார். நான் இங்கே தேசிக்காயோடும் பச்சை அப்பிளோடும் மல்லுக்கட்டுகிறேன், அவளுக்கு முதல் தடவையே வந்துவிட்டது. கொஞ்சம் எரிச்சல்தான்.

வெள்ளவத்தை மருமகள்:

அக்கா, கடைசியாக ஒன்று. உங்கள் புடிங்கை முட்டை இல்லாமல் செய்ய முடியுமா? தட்ட அளவும் சொல்லுங்கள். மாமி வாசித்துவிட்டு ஆசைப்படுகிறார்.

கொட்டாஞ்சேனைக்காரி:

முடியும். என் கடைசி மகளுக்கு முட்டை ஒத்துவராது, அதனால் செய்திருக்கிறேன். நாலு அவுன்ஸ் மாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சோடா சேர்த்து இரண்டு முறை அரித்துக்கொள்ளுங்கள். பட்டரைப் பாதியாகக் குறைத்து உருக்கி, அரைக் கோப்பை கெட்டித் தயிரில் சீனியைக் கரைத்து, இரண்டையும் மாவில் ஊற்றிக் கரண்டியால் கலந்தால் போதும். பீட்டரால் அடிக்க வேண்டாம், இறுகிவிடும். எருமைத் தயிர் என்றால் ஒரு கரண்டி பால் விட்டுத் தளர்த்துங்கள். சோடா உடனே வேலை செய்யத் தொடங்கும், ஆகவே அப்பிள் தட்டத்தில் தயாராக இருக்கும்போதுதான் மாவைக் கலக்க வேண்டும்.

தட்டம் 8 அங்குல வட்டம், இரண்டு அங்குல ஆழம். மாமியின் தட்டம் அதைவிட அகலம் என்றால் மாவை ஒன்றரை மடங்காக்குங்கள். அவணின் நடுத்தட்டில் வையுங்கள், மேல்தட்டில் வைத்தால் முகம் மட்டும் சிவந்துவிடும், உள்ளே மா பச்சையாக இருக்கும். முட்டை இல்லாததால் நிறம் வரப் பிந்தும், ஐம்பது நிமிடம் வரை பொறுங்கள்.